மேல்மாடி வார்டு: அகமதாபாத் மருத்துவமனை ஒன்றின் கோடைக் கணக்கு

அகமதாபாத்தின் கிழக்கே, ஒரு காலத்தில் பஞ்சாலைகள் நிறைந்திருந்த சரஸ்பூரில், மாநகராட்சி நடத்தும் சாரதாபென் பொது மருத்துவமனை இருக்கிறது. 2010 கோடையில் அங்கே பிரசவித்த தாய்மார்களும் குழந்தைகளும் தங்கும் வார்டு மேல் தளத்தில் இருந்தது. ஏசி கிடையாது. அந்த ஆண்டு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதங்களில் வெப்பத்தால் பாதிக்கப்பட்டு, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன குழந்தைகள் 24. முந்தைய ஆண்டு அதே மூன்று மாதங்களில் 8. அடுத்த ஆண்டு 4. நடுவில் ஒரு காரியம் நடந்தது. வார்டை மேல் தளத்திலிருந்து கீழே ஒரு தளத்துக்கு இறக்கினார்கள்.

க்யாதி கக்கட்டும் அவருடைய குழுவினரும் இதை 2014-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். செவிலியர் மாணவர்களுக்கு ஆய்வுமுறைப் பாடம் நடத்தும்போது நான் முதலில் எடுப்பது இந்த நிகழ்வைத்தான். புள்ளியியல் எளிமையாக இருப்பது ஒரு காரணம். முக்கியக் காரணம் வேறு. இதில் யாரும் தாய்மார்களை உட்காரவைத்து வகுப்பு எடுக்கவில்லை. கையேடு அச்சடிக்கவில்லை. எண்ணினார்கள், எண்ணிக்கையைப் பார்த்து வார்டை மாற்றினார்கள், மறுபடி எண்ணினார்கள். காலநிலை மாற்றத்துக்கு ஏற்பச் சுகாதாரத் துறை தன்னை மாற்றிக்கொள்வது என்று கருத்தரங்குகளில் பெரிதாகப் பேசுகிறோமே, அது ஒரு கட்டடத்துக்குள் நடக்கும்போது இப்படித்தான் இருக்கும்.

அந்த மே மாதம்

2010 மே 21 அன்று அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த ஒரு நாள் மட்டுமல்ல, மாதமே மோசம். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளைப் பின்னர் குல்ரேஸ் ஷா அசார் குழுவினர் எடுத்துப் பார்த்தார்கள். 2009, 2011 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களை வைத்துப் பார்த்தால் சுமார் 3,118 இறப்புகள் இருந்திருக்க வேண்டும். 2010 மே மாதத்தில் பதிவானவை 4,462. அதாவது 1,344 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள், 43.1 சதவீதம் அதிகம்.

இந்த 1,344 பேரில் பெரும்பாலானவர்களின் இறப்புச் சான்றிதழில் வெப்பம் என்ற சொல்லே இருந்திருக்காது. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, வயோதிகம் என்றுதான் எழுதுவார்கள். வெயில் ஆளைக் கொல்லும்போது பெரும்பாலும் வேறொரு நோயின் பெயரில்தான் கொல்கிறது. அதனால்தான் கூடுதல் இறப்பு என்ற கணக்கு தேவைப்படுகிறது. தனித்தனி ஆளைப் பார்த்தால் தெரியாதது, அதே மாதத்தின் மற்ற ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தால் தெரிகிறது.

சாரதாபென் ஆய்விலும் இதே உத்திதான்: முன்னால் ஒரு ஆண்டு, பின்னால் ஒரு ஆண்டு, நடுவில் அந்தப் பொல்லாத கோடை. அசார் இரண்டு ஆய்வுகளிலும் இருக்கிறார். நகரம் முழுவதற்கும் போட்ட கணக்கும் ஒரு வார்டுக்குப் போட்ட கணக்கும் ஒரே மாதிரி அமைந்தது தற்செயல் அல்ல.

ஏன் மேல்மாடி

மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி, சாயங்காலத்துக்கு மேல் மெதுவாக உள்ளே விடும். வெளியே காற்று கொஞ்சம் இறங்கிய பிறகும் உள்ளே கூரை காய்ந்துகொண்டே இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

மருத்துவமனைகளில் மகப்பேறு வார்டு மேலே போவதற்குப் பொதுவாக யாரும் தனியாக முடிவெடுப்பதில்லை. புறநோயாளிகள் பிரிவு, அவசர சிகிச்சை, மருந்து கொடுக்கும் இடம், எக்ஸ்ரே எல்லாம் தரைத்தளத்தில் இருந்தாக வேண்டும். அறுவை அரங்குக்குப் பக்கத்தில் அறுவைப் பிரிவு. மீதம் உள்ள இடம் மேலே. பிரசவித்த தாய் நடக்கக்கூடியவர், இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுவார் என்பதால் அவரை மேலே அனுப்புவதில் நிர்வாகத்துக்குச் சிரமம் தெரியாது. அவர் பக்கத்தில் இன்னொரு நோயாளி படுத்திருக்கிறது என்பதும், அதற்குச் சூடு தாங்காது என்பதும் படுக்கைக் கணக்கில் வராது. பல மருத்துவமனைகளில் தாயோடு இருக்கும் குழந்தைக்குத் தனிப் படுக்கை எண்ணே கிடையாது.

குளிருக்குப் பழக்கிய பாடம்

இந்த நிகழ்வில் செவிலியர் கல்விக்கு நேரடியாக வந்து சேரும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பச்சிளங்குழந்தைக்கு வெப்பநிலை பற்றி நாங்கள் சொல்லிக்கொடுப்பதெல்லாம் குளிரைப் பற்றியது. பிரசவ அறை குறைந்தது 25 டிகிரி இருக்க வேண்டும். பிறந்ததும் துடைக்க வேண்டும், ஈரத் துணியை மாற்ற வேண்டும், தாயின் தோலோடு தோல் படும்படி போட வேண்டும், தலைக்குத் தொப்பி, காலுக்கு உறை, குளிப்பாட்டுவதைத் தள்ளிப்போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அந்தப் பத்துப் படிகளை எங்கள் மாணவிகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். உடல் வெப்பம் 36.5-க்குக் கீழே போனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மிதம், தீவிரம் என்று தரம் பிரித்துப் பாடம் உண்டு. அது சரியான பாடமும்கூட. உடல் குளிர்ந்துபோய் இறக்கும் குழந்தைகள் வெயில் கொளுத்தும் நம் நாட்டிலும் உண்டு.

ஆனால் 37.5-க்கு மேலே போனால்? பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி இருக்கும். தேர்வில் கேள்வி வராது.

இப்போது அந்த மேல்மாடி வார்டை நினைத்துப் பாருங்கள். பிறந்து இரண்டாம் நாள். தாய்க்குச் சீம்பால்தான் வருகிறது, ஒரு முறைக்குச் சில மில்லிலிட்டர். குழந்தைக்கு அதைத் தவிர வேறு நீர் இல்லை, கொடுக்கவும் கூடாது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் குளிரில் வெப்பத்தைச் சீக்கிரம் இழக்கிற அதே உடல், சூட்டில் வெப்பத்தைச் சீக்கிரம் வாங்கவும் செய்கிறது. வியர்வை சரியாக வராது, குறைமாதக் குழந்தைக்கு ஏறக்குறைய வரவே வராது. அறையின் காற்று தோலைவிடச் சூடாகிவிட்டால் மின்விசிறி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகாது, கொண்டுவந்து சேர்க்கும். இதற்கு மேல், நாம் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு சுற்றுத் துணி, தொப்பி, காலுறை. பாட்டி ஒருத்தி கூட இருந்தால் இன்னொரு சுற்று.

குழந்தைக்கு 38.2 காய்ச்சல். அடுத்து என்ன நடக்கும்? பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் சந்தேகிப்பது கிருமித்தொற்று. சந்தேகிக்கத்தான் வேண்டும், தவறவிட்டால் சில மணி நேரத்தில் குழந்தை கையை விட்டுப் போய்விடும். ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புவார்கள், ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவார்கள். தாய் ஒரு தளத்தில், குழந்தை ஒரு தளத்தில். தாய்ப்பால் கொடுப்பது தடைப்படும். கல்ச்சரில் ஒன்றும் வளராது. பதிவேட்டில் அது கிருமித்தொற்று சந்தேகம் என்றே பதிவாகி நின்றுவிடும். இப்படி ஒரு கோடைக்கு இருபது குழந்தை போனாலும் கூரையின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

படுக்கையருகே பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு கையின் பின்புறத்தைக் குழந்தையின் வயிற்றில் வையுங்கள், இன்னொரு கையால் பாதத்தைத் தொடுங்கள். சுற்றுச்சூட்டால் வந்த காய்ச்சல் என்றால் வயிறும் பாதமும் ஒரே மாதிரி சுடும். தோல் சிவந்திருக்கும், குழந்தை கையையும் காலையும் விரித்துப் போட்டுப் படுத்திருக்கும், துணியைத் தளர்த்தி இடம் மாற்றிப் பால் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கத் தொடங்கும். கிருமித்தொற்றுக் காய்ச்சலில் வயிறு சுடும், பாதம் சில்லென்று இருக்கும், குழந்தை துவண்டிருக்கும் அல்லது வெளிறியிருக்கும். இந்தச் சோதனையை மட்டும் நம்பி ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்லவில்லை. அது மருத்துவர் முடிவு. ஆனால் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக் குறிப்பில் எழுதுவது செவிலியர் வேலை. அப்படி எழுதிய குறிப்புகள் இருந்தால்தான் பிறகு யாராவது எண்ண முடியும்.

எடையும் அப்படித்தான். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரை முதல் சில நாளில் குறைவது வழக்கம். மூன்றாம் நாளே 12 சதவீதம் குறைந்து, காய்ச்சலும் இருந்து, சிறுநீர் கழித்தது குறைந்திருந்தால் அது நீரிழப்பு. ரத்தத்தில் சோடியம் ஏறியிருக்கும். இந்த மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுகிற சார்ட் எத்தனை வார்டில் இருக்கிறது? டி.பி.ஆர். (உடல் வெப்பம், நாடி, மூச்சு) சார்ட் ஒரு இடம், எடை ஒரு இடம், பால் குடித்த கணக்கு தாயின் வாய்மொழியில்.

24, 8, 4

எண்களுக்கு வருவோம். மூன்று ஆண்டுகளையும் கூட்டினால் 36 குழந்தைகள்தான். இதை வைத்து என்ன சொல்ல முடியும் என்று மாணவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான்.

முதல் சிக்கல்: 2011-இல் எண்ணிக்கை குறைந்தது வார்டு இறங்கியதாலா, அல்லது அந்த ஆண்டு 2010 அளவுக்குக் கொளுத்தாததாலா? வெறுமனே 24-ஐயும் 4-ஐயும் பக்கத்தில் வைத்து வார்டு மாற்றம் வெற்றி என்று எழுதியிருந்தால் அது ஆய்வே அல்ல. கக்கட் குழுவினர் மூன்று கோடைகளின் நாள்களையும் தனித்தனியாக எடுத்து, அந்தந்த நாளின் உச்ச வெப்பநிலை, அந்த நாளில் வார்டு எந்தத் தளத்தில் இருந்தது என்ற இரண்டையும் ஒரே கணக்கில் போட்டார்கள். ஒன்றின் தாக்கத்தைக் கழித்த பிறகும் மற்றதன் தாக்கம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டும் நின்றன. ஒரே அளவு வெயில் அடித்த நாளிலும் கீழ் வார்டுக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருந்தது.

இரண்டாவது, வெப்பத்தின் தாக்கம் நேர்கோட்டில் ஏறவில்லை. 42 டிகிரிக்கு மேல் போன பிறகு, ஒவ்வொரு டிகிரிக்கும் இந்தச் சேர்க்கைகள் 43 சதவீதம் கூடின. வட்டிக்கு வட்டி போல இது பெருகும்: 42-லிருந்து 45 போனால் ஏறக்குறைய மூன்று மடங்கு. (நகரத்தின் கூடுதல் இறப்பும் 43.1 சதவீதம் என்பதால் தேர்வுத் தாளில் இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் தொடர்பு இல்லை, எண்கள் ஒத்துப்போனது தற்செயல்.)

ஆனால் அந்த 43-ஐ அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 9.2-லிருந்து 88 வரை. உண்மையான அளவு ஒரு டிகிரிக்கு ஒன்பதாகவும் இருக்கலாம், எண்பத்தெட்டாகவும் இருக்கலாம் என்று அர்த்தம். 36 குழந்தைகளை வைத்து இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. இடைவெளி முழுவதும் பூஜ்யத்துக்கு மேலே இருப்பதால் வெப்பத்துக்கும் சேர்க்கைக்கும் தொடர்பே இல்லை என்று தள்ளிவிட முடியாது, அவ்வளவுதான்.

இன்னும் சில ஓட்டைகள் உண்டு. ஒரே மருத்துவமனை. கணக்கில் எடுத்தது நகரின் நாள் உச்ச வெப்பம், குழந்தை படுத்திருந்த அறையின் வெப்பம் அல்ல. அப்புறம், மிக மோசமான ஆண்டைப் பார்த்துத்தான் எவரும் நடவடிக்கை எடுப்பார்கள், மோசமான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு எப்படியும் கொஞ்சம் தணிந்துதான் வரும். 2010-இல் கண்விழித்த மருத்துவர்கள் வெப்பத்தை முன்பைவிட அதிகம் சந்தேகித்திருக்கலாம் என்பதும் உண்டு. ஆனால் அது 2011-இல் எண்ணிக்கையைக் கூட்டியிருக்க வேண்டும், குறைத்திருக்கக் கூடாது. அந்தச் சாய்வு ஆய்வின் முடிவுக்கு எதிர்த் திசையில் போகிறது என்பதால் எனக்கு முடிவின் மேல் நம்பிக்கை கூடுகிறது.

சீட்டுப் போட்டுப் பாதிக் குழந்தைகளை மேலேயும் பாதியைக் கீழேயும் வைத்திருந்தால் ஆய்வு கச்சிதமாக இருந்திருக்கும். எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. கிடைத்த பதிவேட்டை வைத்துக்கொண்டு அதன் குறையையும் சொல்லி எழுதுவதுதான் இங்கே நேர்மையான வழி.

வார்டு இறங்கினால் யார் ஏறுவது

கட்டுரையைப் படிக்கிறவர்கள் எளிதாகத் தாண்டிப் போகும் ஒரு விஷயம் இருக்கிறது. மருத்துவமனையில் ஒரு வார்டு கீழே வந்தால் இன்னொன்று மேலே போக வேண்டும். இந்தத் தலையீட்டுக்குப் பணம் அதிகம் ஆகாது என்று சொல்வது சரி, ஆனால் அது சும்மா கிடைப்பதில்லை. யாருடைய இடத்தையாவது பிடுங்க வேண்டும்.

மேலே போகத் தகுதியானவை எவை என்று யோசித்தால் பட்டியல் சின்னதாகிவிடும். முதியோர் வார்டு போகக் கூடாது. சிறுநீரக நோயாளிகள், மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் போகக் கூடாது, அந்த மருந்துகளில் சில உடல் வெப்பத்தைத் தணிக்கும் திறனையே குறைக்கும். மருந்துக் கிடங்கைத் தூக்கி மேலே போடலாம் என்று சட்டென்று தோன்றும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், சூட்டில் அதன் வீரியம் போய்விடும். கொதிக்கும் அறையில் மின்சாரம் நின்று குளிர்பதனப் பெட்டி ஓடாமல் போனால், குழந்தையைக் காப்பாற்ற வார்டை இறக்கிய கையோடு தாயின் மருந்தைக் கெடுத்தது மாதிரி ஆகும். மிஞ்சுவது பழைய பதிவேடுகள் வைக்கும் அறை, கருத்தரங்க அறை, நிர்வாக அலுவலகம். நிர்வாக அலுவலகத்துக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே ஏசி இருக்கும், ஆகவே அது மேலே போவதில் மருத்துவ ரீதியாக ஒரு கெடுதலும் இல்லை. நடக்குமா என்பது வேறு கேள்வி.

நகரத்துக்குப் போன கணக்கு

2010-க்குப் பிறகு அகமதாபாத் மாநகராட்சி, காந்திநகரில் உள்ள இந்தியப் பொது சுகாதார நிறுவனம், அமெரிக்காவின் என்.ஆர்.டி.சி. என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, அங்குள்ள சில பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து 2013-இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தன. தெற்காசியாவில் இதுதான் முதல். பல நாள் முன்னறிவிப்பு, வண்ண எச்சரிக்கை, தண்ணீர்ப் பந்தல், ஆம்புலன்ஸில் ஐஸ் பை, மருத்துவப் பணியாளர்களுக்கு வெப்ப நோய்களைக் கண்டறியும் பயிற்சி என்று அதில் பல அடுக்குகள். 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நாடு முழுக்க இத்தகைய திட்டங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டபோது அகமதாபாத் அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது.

பலன் இருந்ததா? 2018-இல் ஜெரமி ஹெஸ் குழுவினர் 2007 முதல் 2010 வரையான ஆண்டுகளையும் 2014, 2015-ஐயும் ஒப்பிட்டு, ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். இதன் நம்பிக்கை இடைவெளியும் அகலம்தான்: 162 முதல் 2,218 வரை. தவிர, ஒப்பிட வேறு நகரம் இல்லை. அந்த இடைக்காலத்தில் குடிநீர், மின்சாரம், வீடு எல்லாம் மாறியிருக்கும். திட்டத்துக்கு முழுப் பெருமையையும் கொடுக்க நான் தயங்குவேன். 162 என்றாலும் ஒரு மாநகராட்சி செலவழிக்கத் தக்க காரியம்தான் என்பதையும் மறுக்க மாட்டேன்.

எச்சரிக்கை வண்ணங்களைத்தான் நான் வகுப்பில் அதிக நேரம் பார்க்க வைப்பேன். அந்தத் திட்டத்தில் 41.1 முதல் 43 வரை மஞ்சள், 43.1 முதல் 44.9 வரை ஆரஞ்சு, 45-ம் அதற்கு மேலும் சிவப்பு. இந்த எல்லைகள் நகரத்தின் மொத்த இறப்பை வைத்து வந்தவை. வார்டு ஆய்விலோ 42-ஐத் தாண்டியதுமே தீவிர சிகிச்சைக்குப் போகும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிட்டது. அதாவது நகரம் இன்னும் மஞ்சளில் இருக்கும்போதே ஏசி இல்லாத மேல்மாடிப் பிரசவ வார்டுக்கு அது சிவப்பு. ஊருக்கு ஒரு எச்சரிக்கை, வார்டுக்கு வேறு ஒன்று என்ற யோசனை இன்றுவரை பெரும்பாலான திட்டங்களில் இல்லை.

நம் கல்லூரிகளில்

பி.எஸ்சி. செவிலியர் படிப்பில் எல்லாரும் ஒரு குழு ஆய்வு செய்தாக வேண்டும். நூலகத்தில் அடுக்கியிருக்கும் பைண்டு போட்ட ஆய்வேடுகளை உருவிப் பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மருத்துவமனையில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பிரிவினரிடையே, ஏதோ ஒன்றைக் குறித்த அறிவின் மீது திட்டமிட்ட கற்பித்தலின் பயன். எஸ்.டி.பி. (ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம்) என்று செல்லமாகச் சொல்வோம். ஒரு வினாத்தாள், அப்புறம் அரை மணி நேர வகுப்பு, ஏழாம் நாள் அதே வினாத்தாள். பி மதிப்பு 0.05-க்குக் கீழே, அதாவது வித்தியாசம் தற்செயல் அல்ல என்று புள்ளியியல் வழக்கப்படி எடுத்துக்கொள்ளும் அளவு. முடிவுரையில் கற்பித்தல் பயனுள்ளதாக இருந்தது. பயனில்லை என்று முடிந்த ஓர் எஸ்.டி.பி. ஆய்வேடு கண்ணில் பட்டால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம்.

மாணவிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆறு மாதத்தில் முடிய வேண்டும், வழிகாட்டிக்குப் பழகிய வடிவம் வேண்டும், அனுமதி எளிதாகக் கிடைக்க வேண்டும். ஆனால் 2010 சாரதாபென் வார்டு இந்த வடிவத்துக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பச்சிளங்குழந்தையின் நீரிழப்பைத் தடுப்பது குறித்த தாய்மார்களின் அறிவு அளக்கப்பட்டிருக்கும். தாய்மார்கள் இரண்டாம் முறை அதிக மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். குழந்தைகள் அதே கூரைக்குக் கீழே படுத்திருப்பார்கள். பிழை தாயிடம் இருக்கிறது, அவருக்குத் தெரியாததுதான் பிரச்சினை என்ற முன்முடிவு அந்த ஆய்வு வடிவத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டடம் பிழை என்று சொல்ல அதில் இடமே இல்லை.

மாற்றாக ஒரு நான்காம் ஆண்டுக் குழு என்ன செய்யலாம்? வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மேல் தளத்து வார்டில் ஒன்று, கீழே ஒன்று. ஜன்னல் ஓரத்திலும் மின்விசிறிக்கு நேர் கீழும் இல்லாமல், குழந்தை படுக்கும் உயரத்தில். காலை, மதியம், இரவு டி.பி.ஆர். எடுக்கும் சுற்றிலேயே அதையும் பார்த்து எழுத ஒரு கட்டம். குழந்தையின் எடை, பாதம் சூடா சில்லா, எத்தனை முறை பால், எத்தனை முறை சிறுநீர். ஏப்ரலில் தொடங்கி ஜூனில் முடிக்கலாம். வகுப்பு நடத்த வேண்டாம், வினாத்தாள் வேண்டாம். அளக்கும்போதே காய்ச்சல் தென்பட்டால் உடனே பொறுப்புச் சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும், ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதை நெறிமுறைக் குழு விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

தடை அனுமதியில்தான் வரும். தாய்மார்களுக்கு அறிவு போதவில்லை என்று எழுதும் ஆய்வுக்கு எந்த மருத்துவமனையும் கையெழுத்துப் போடும். எங்கள் வார்டு 38 டிகிரியில் இருக்கிறது என்று எழுதும் ஆய்வுக்குப் போடுமா? ஒரு குழு அப்படிக் கேட்டுப் போனபோது தலைப்பை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். இடத்தின் பெயர் வேண்டாம், எங்கும் நடக்கக்கூடியதுதான். இதற்கு நான் கண்ட வழி, நிர்வாகத்தையே ஆய்வில் கூட்டாளியாக்குவது: முடிவு முதலில் கண்காணிப்பாளர் மேசைக்குப் போகும், வெளியே பிறகு. அகமதாபாத்திலும் கட்டுரை வருவதற்கு முன்பே வார்டு இறங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுரை 2014, மாற்றம் 2010 கோடை முடிந்த பிறகு. உள்ளே வைத்திருந்த எண்ணிக்கையே நிர்வாகத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் வெப்பத்தையும் தாய்மையையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு இல்லாமல் இல்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017-இல் தொடங்கி 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் கடும் சூட்டில் வேலை செய்தவர்கள். அவர்களிடையே கருச்சிதைவு அபாயம் சுமார் இரண்டு மடங்கு இருந்தது. அது பிரசவத்துக்கு முந்தைய கதை, வேலையிடத்தின் கதை. பிரசவத்துக்குப் பிந்தைய அந்த மூன்று நாள், மருத்துவமனையே கொடுக்கும் சூடு, இங்கே இன்னும் அளக்கப்பட வேண்டியது.

அளக்கும்போது அகமதாபாத்தின் 42-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மே மாதத்து அகமதாபாத் காய்ந்த ஊர், தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் அங்கே வேலை செய்யும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ காற்றில் ஈரம் இருப்பதால் அதே கூலர் அறையைப் புழுக்கமாக்கும், அதன் தொட்டியில் கொசு வளரும். இந்திய வானிலைத் துறையே வெப்ப அலைக்குச் சமவெளியில் 40 டிகிரியையும் கடலோரத்தில் 37-ஐயும் குறைந்தபட்ச எல்லையாக வைத்திருக்கிறது. கடலோர வார்டில் 37 டிகிரிச் சூடும் காற்றின் ஈரமும் சேர்ந்தால் பால் கொடுக்கிற தாய்க்கு வியர்வை வழியும், உலராது. அங்கே எல்லை 36-இலா 38-இலா, பகல் உச்சத்தை வைத்தா இரவில் இறங்காத சூட்டை வைத்தா என்பதற்கு, மேலே சொன்ன இரண்டு மானிகளும் மூன்று மாதப் பதிவேடும் இருந்தால் ஒரு முதல் விடை கிடைக்கும். வேலூர், திருச்சி மாதிரி உள்நாட்டு ஊர்களுக்கு வேறு விடை வரும், அதற்கு அங்கே வேறு குழு வேண்டும்.